கடலுக்காக 630 மைல்: இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையோரப் பாதை எப்படி?

மைன்ஹெட் ஊரின் கடற்கரைச் சாலையில் இரண்டு பெரிய உலோகக் கைகள் ஒரு வரைபடத்தை விரித்துப் பிடித்தபடி நிற்கின்றன. அங்கே தொடங்கும் தென்மேற்குக் கரையோரப் பாதை சாமர்செட், வடக்கு டெவன், கார்ன்வால், தெற்கு டெவன், டார்செட் என்று கடலை ஒட்டியே சுற்றி வந்து, பூல் துறைமுக வாயிலில் சவுத் ஹேவன் முனையில் முடிகிறது. நீளம் 630 மைல், அதாவது 1,014 கி.மீ. கடல் பாதுகாப்புக்கு நிதி திரட்ட நெடுநடை போக வேண்டும் என்றால் பிரிட்டனில் இதைவிடப் பொருத்தமான பாதை கிடையாது என்பதே எங்கள் மதிப்பீடு. ஆனால் மைல் கணக்கை மட்டும் வைத்துத் திட்டம் போடுகிறவர்களை இந்தப் பாதை பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடும். கடலின் ஏற்றத்தையும் வற்றத்தையும் வைத்துத் திட்டம் போடுகிறவர்களுக்குத்தான் இது சரிப்படும்.

முதலில் ஏறுமுகத்தைப் பற்றி. மொத்தம் ஏற வேண்டிய உயரம் சுமார் 35,000 மீட்டர். எவரெஸ்டைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. இத்தனைக்கும் வழியில் மிக உயரமான இடமான கிரேட் ஹேங்மன் குன்று வெறும் 318 மீட்டர்தான். அப்படியானால் இவ்வளவு ஏற்றம் எங்கிருந்து வருகிறது? இந்தப் பாதையின் பெரும்பகுதி கள்ளக்கடத்தலைப் பிடிக்கக் கடலோரக் காவலர்கள் ரோந்து போன தடம். ஒவ்வொரு சிறு குடாவையும் எட்டிப் பார்க்க வேண்டியது அவர்கள் வேலை. அதனால் பாதை குறுக்கே போகாது. ஓடை வெட்டிய ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி மறுபக்கம் ஏறும். ஹார்ட்லண்ட் கீயிலிருந்து பியூட் வரை உள்ள 15 மைல் துண்டில் இப்படிப் பத்துப் பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. முழங்காலை வாங்குவது ஏற்றமல்ல, இறக்கம். மண்ணில் மரக்கட்டை பதித்துச் செய்த படிகள் ஒன்று அரை அடி, அடுத்தது ஒன்றரை அடி என்று இருக்கும். கால் ஒரு தாளத்துக்கு வரவே வராது. ஊன்றுகோல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், இறங்கும்போது ஒரு பிடி நீளமாக்கிக்கொள்ளுங்கள். முதுகுச் சுமை தண்ணீரோடு சேர்த்து 12 கிலோவைத் தாண்டக் கூடாது. நெடுந்தூரம் நடந்தால் பாதம் வீங்கும் என்பதால் காலணி அரை அளவு பெரிதாக இருக்கட்டும்.

முழுப் பாதைக்கும் ஏழெட்டு வாரம் வைத்துக்கொள்வது நல்லது. கடலுக்காக நடக்கிறவர்கள் வேகக்காரர்களின் கணக்கைப் பார்க்கவே கூடாது. கரையில் நின்று பார்க்கவும் குப்பை எடுக்கவும் பேசவும் நேரம் இல்லாவிட்டால், இதற்குப் பதில் உள்நாட்டு மலைப்பாதை ஒன்றிலேயே நடந்துவிடலாமே.

வழிகாட்டிப் பலகைகளுக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். தேசியப் பாதைகளுக்கான ஓக் கொட்டைச் சின்னம் வேலிக்கதவுகளிலும் கம்பங்களிலும் தவறாமல் இருக்கிறது. கடல் ஒரே பக்கம் இருப்பதால் திறந்த வெளியில் வழி தவறுவது கடினம். தவறுவது ஊர்களுக்குள்தான். பிளிமத் போன்ற நகரத்தில் சின்னம் விளக்குக் கம்பத்தில் சிறிதாக ஒட்டியிருக்கும், கண்ணில் படாது. இன்னொரு சிக்கல் மண்சரிவு. டெவன், டார்செட் பாறைகள் மழைக்குப் பிறகு சரியும். பாதை ஒரே இரவில் மூடப்பட்டு மாற்றுவழி போடப்படும். அச்சிட்ட வழிகாட்டி நூலில் அது இருக்காது. 1973 முதல் இயங்கிவரும் தென்மேற்குக் கரையோரப் பாதைச் சங்கத்தின் இணையதளத்தில் மாற்றுவழிப் பட்டியல் இருக்கிறது. வாரம் ஒருமுறையாவது அதைப் பாருங்கள்.

ஆற்று முகங்கள்தான் இந்தப் பாதையின் மெய்யான சோதனை. அவற்றில் பலவற்றுக்குப் படகு இருக்கிறது. ராக்கிலிருந்து பாட்ஸ்டோவுக்கும், பாலிரூவனுக்கும் ஃபோயிக்கும் இடையிலும், டார்ட்மத்திலிருந்து கிங்ஸ்வேருக்கும் போகும் படகுகளில் கவலையில்லை. தெற்கு டெவனில் அடுத்தடுத்து வரும் யெல்ம், எர்ம், ஏவன் ஆகிய மூன்று ஆறுகளில்தான் திட்டங்கள் உடைகின்றன. யெல்ம், ஏவன் இரண்டிலும் படகு உண்டு. ஆனால் வெயில் காலத்தில் மட்டும், அதுவும் காலையில் கொஞ்ச நேரம், பிற்பகலில் கொஞ்ச நேரம். ஏவன் படகுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. நடுவில் உள்ள எர்ம் ஆற்றுக்குப் பாலமும் இல்லை, படகும் இல்லை. வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னும் மட்டும் நடந்து கடக்கலாம். தவறவிட்டால் உள்நாட்டு வழியாகச் சுற்ற வேண்டும். 8 மைல் வாக்கில் கூடும்.

நம் ஊர்க் காலண்டர் இங்கே கைகொடுக்கும். அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்த இரண்டாம், மூன்றாம் நாளில் இந்தக் கரையில் கடல் மிக அதிகமாக வற்றும். அந்த நாட்களில் பகல் வற்றம் நண்பகலுக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில் வரும். நடக்கிறவருக்கு இதைவிட வசதியான நேரம் இல்லை. எனவே பிளிமத்திலிருந்து கிளம்பும் நாளை இதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பிற்பகல் படகில் யெல்மைக் கடந்து நாஸ் மேயோ பக்கம் தங்குங்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் சுமார் 9 மைல் நடந்து, வற்ற நேரத்துக்கு எர்ம் ஆற்றங்கரையில் மோத்கூமில் இருப்பீர்கள். அதைத் தாண்டி இன்னும் சுமார் 5 மைலில் பிக்பரி. அன்றே ஏவன் படகைப் பிடித்துவிடலாம் என்று ஓடாதீர்கள், கிடைக்காது. பிக்பரியில் தங்கி, மறுநாள் காலைப் படகில் போங்கள், அந்த நாள் ஞாயிறாக இல்லாதவாறு பார்த்துக்கொண்டு. ஒவ்வொரு நாளும் வற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும் என்பதால், வழியில் எங்காவது இரண்டு நாள் ஓய்வு எடுத்தால் இந்தக் கணக்கு முழுவதையும் திரும்பப் போட வேண்டும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. கடல் ஏறும், வற்றும் நேரங்களைக் காட்டும் அச்சிட்ட ஓத அட்டவணைகள் பல கிரீன்விச் நேரத்தில் இருக்கும். மார்ச் கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை பிரிட்டன் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அட்டவணையில் 12.30 என்று இருந்தால் கைக்கடிகாரத்தில் அது 1.30. இதை மறந்தவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, இன்னும் இடுப்பளவு ஓடும் தண்ணீரில் இறங்குகிறார்கள்.

கடக்கும் இடம் மோத்கூம் படகுச்சாய்வுக்கும் (படகை நீரில் இறக்கும் சரிவுத்தளம்) எதிர்க்கரையில் வொன்வெல் சாய்வுக்கும் இடையே உள்ள பழைய துறை. மணல் உறுதியாக இருக்கும். நல்ல வற்றத்தில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழ்தான். முதல் நாள் கனமழை பெய்திருந்தாலோ கடல் கொந்தளிப்பாக இருந்தாலோ இறங்கவே வேண்டாம். வெறுங்காலோடு போகாதீர்கள், மணலுக்குள் முள் நிமிர்த்திக் கிடக்கும் வீவர் மீனை மிதித்தால் வலி உயிர் போகும். பழைய செருப்பு ஒன்று போதும். இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிட்டு இறங்குங்கள்; தடுமாறி விழுந்தால் சுமையை உதறிவிட முடிய வேண்டும். அக்கரை ஏறியதும் உட்கார்ந்து, விரலிடுக்குகளில் உள்ள மணலைத் துணியால் முழுக்கத் துடைத்த பிறகே காலுறை போடுங்கள். ஈரப் பாதத்தோடு ஒட்டிய மணல் மீதி 5 மைலில் உப்புத்தாள் போலத் தேய்த்துக் கொப்புளம் கிளப்பிவிடும்.

கிழக்கே இன்னும் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். சீட்டனுக்கும் லைம் ரீஜிஸுக்கும் இடையே சரிந்த நிலத்தில் வளர்ந்த காடு. 7 மைல், நாலு மணி நேரம், நடுவில் வெளியேற வழி இல்லை. வேரும் சேறுமாகக் கிடக்கும். தண்ணீரை முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள். லல்வொர்த் குடாவுக்குக் கிழக்கே ராணுவச் சுடுதளம் வருகிறது. சுடும் நாட்களில் பாதை மூடியிருக்கும். பெரும்பாலான சனி, ஞாயிறுகளில் திறந்திருக்கும். சனிக்கிழமை காலை அங்கே இருக்குமாறு கடைசி வாரத்தைத் திட்டமிடுங்கள். மஞ்சள் கம்பங்களுக்கு அப்பால் கால் வைக்கக் கூடாது. குப்பை பொறுக்கும் பழக்கத்தில் அந்தத் துண்டில் எந்த உலோகத்தையும் தொடவே தொடாதீர்கள். வெடிக்காத குண்டாக இருக்கலாம்.

தங்குமிடம்தான் இந்தப் பாதையின் பலவீனம். இந்தப் பாதையில் நில உரிமையாளர் அனுமதியில்லாமல் கூடாரம் போட உரிமை இல்லை. ஸ்காட்லாந்து பற்றிப் படித்துவிட்டு வருகிறவர்கள் இதில் ஏமாறுகிறார்கள். முகாம் தளங்கள் நிறைய இருக்கின்றன, ஆனால் பாதையிலிருந்து ஒரு மைல் மேலேறிப் போக வேண்டியிருக்கும். காலை உணவோடு அறை தரும் வீடுகள் ஜூலை, ஆகஸ்டில் ஒற்றை இரவுக்கு அறை தர யோசிக்கும். இரண்டு இரவு எடுக்கச் சொல்லும். அப்படி எடுத்தால் ஒரே அறையில் இருந்துகொண்டு பேருந்தில் போய் நடந்து, பேருந்தில் திரும்புங்கள். சுமையையும் அறையிலேயே விட்டுவிடலாம். ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் நடுவில் முடிப்பது எங்கள் பரிந்துரை. படகுகள் ஓடத் தொடங்கியிருக்கும், பள்ளிக் கோடை விடுமுறைக் கூட்டம் வந்திருக்காது, இடுப்பளவு பெரணியும் இன்னும் முழுதாகக் கிளம்பியிருக்காது. மைன்ஹெட்டுக்குத் தேசிய ரயில் இல்லை. டான்டனில் இறங்கி 28-ஆம் எண் பேருந்து பிடிக்க வேண்டும்.

நிதி விஷயத்துக்கு வருவோம். இந்தப் பாதையில் நடப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு அமைப்புகளில் ஒன்றுக்குத் திரட்டுகிறார்கள். கார்ன்வாலில் செயின்ட் ஆக்னஸ் ஊரில் 1990-ல் அலைச்சறுக்கு வீரர்கள் தொடங்கிய சர்ஃபர்ஸ் அகென்ஸ்ட் சூவேஜ் ஒன்று. நாடு முழுதும் கடற்கரைக் கணக்கெடுப்பு நடத்தும் மரைன் கன்சர்வேஷன் சொசைட்டி மற்றொன்று. முதலாவதன் கழிவுநீர் எதிர்ப்புப் போராட்டம் ஏன் என்று வழியிலேயே புரியும். இங்கிலாந்தில் மழைநீரும் கழிவுநீரும் பல இடங்களில் ஒரே குழாயில் போகின்றன. மழை கூடினால் குழாய் நிரம்பி, சுத்திகரிக்காத கழிவு அவசர வாய்கள் வழியாக ஆற்றிலும் கடலிலும் கொட்டும். 2023-ல் மட்டும் எல்லா வாய்களையும் சேர்த்துப் பதிவான நேரம் 36 லட்சம் மணி நேரம். எந்தக் கரையில் இப்போது கொட்டுகிறது என்று காட்டும் செயலி ஒன்றை அந்த அமைப்பே இலவசமாகத் தருகிறது. குளிக்க இறங்கும் முன் அதைப் பாருங்கள்; பெருமழைக்குப் பிறகு இரண்டு நாள் கடலில் குளிக்காதீர்கள்.

நன்கொடைப் பக்கத்தை அமைப்பின் பெயரிலேயே தொடங்குங்கள். உங்கள் சொந்தக் கணக்குக்குப் பணம் வாங்கிப் பிறகு அனுப்புகிறேன் என்று போகாதீர்கள். காரணம் 'கிஃப்ட் எய்ட்'. பிரிட்டனில் வருமான வரி கட்டுகிறவர் 10 பவுண்டு கொடுத்து அந்தக் கட்டத்தில் குறியிட்டால், அரசு மேலும் 2.50 பவுண்டு அமைப்புக்குத் தரும். நடப்பவர் கையில் பணமாக வாங்கிச் சேர்த்து ஒரே தொகையாகக் கட்டினால், கொடுத்தவர்களின் தனித்தனி அறிவிப்பு இல்லாததால் அந்தக் கால் பங்கு போய்விடும். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ சித்தப்பா அட்டையில் பணம் போட்டால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பிரிட்டனில் வரி கட்டாத அவர் அந்தக் கட்டத்தில் குறியிடக் கூடாது. முன்பே சொல்லி வையுங்கள்.

இன்னொன்றைக் கறாராகச் சொல்ல வேண்டும். நடைச் செலவு வேறு, நன்கொடை வேறு. திரட்டிய பணத்திலிருந்து கூடாரமும் சோறும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கடலுக்குக் கொடுப்பது கொடுத்தவர்களின் நம்பிக்கையைக் கெடுக்கும். வரிச் சலுகையிலும் சிக்கல் வரும். 'என் செலவு முழுவதும் என்னுடையது, நீங்கள் தருவது முழுவதும் கடலுக்கு' என்ற ஒரு வரியைப் பக்கத்தின் தலைப்பிலேயே போடுங்கள். ஊர்ச் சந்தையில் உண்டியல் குலுக்க ஆசைப்பட்டால் உள்ளாட்சி அனுமதி வேண்டும். கடை, விடுதிக்குள் என்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். வேலை செய்யும் நிறுவனம் ஊழியர் திரட்டும் தொகைக்கு இணையாகத் தருமா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். முடித்த பிறகு கேட்டால் விண்ணப்பத் தேதி போயிருக்கும்.

பணத்துக்கு அடுத்து, கரையில் செய்யும் வேலை. 1997-ல் லண்ட்ஸ் எண்டுக்கு அப்பால் டோக்கியோ எக்ஸ்பிரஸ் கப்பலிலிருந்து 62 கொள்கலன்கள் கடலில் விழுந்தன. ஒன்றில் சுமார் 48 லட்சம் லெகோ துண்டுகள். கார்ன்வால் கரையில் அவை இன்றும் ஒதுங்குகின்றன. பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அதைவிடக் கவனிக்க வேண்டியது கண்ணுக்கே தெரியாதது. காய்ந்த கடற்பாசி வரிசை கிடக்கும் இடத்தில் மண்டியிட்டு, பாசியை மெல்ல விலக்கிப் பாருங்கள். ஜவ்வரிசி போல வழவழப்பாக, சில வெள்ளையாக, வெயில் பட்டவை மஞ்சளாக மணிகள் கிடக்கும். அவை நர்டில், பிளாஸ்டிக் பொருள் செய்வதற்கான மூலப்பொருள் மணி. 2021-ல் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது நீர்கொழும்புக் கரையை மூடியது இதே மணிதான். அவற்றோடு கலந்து, கொத்தமல்லி விதை மாதிரி வரிவரியாக, கறுப்பும் சாம்பலும் நீலமுமாக வேறொரு மணி கிடக்கும். அது நர்டில் அல்ல. கழிவுநீர் நிலையங்களில் நுண்ணுயிர் ஒட்டி வளரப் போடும் மணி. தொட்டியிலிருந்து நழுவிக் கடலுக்கு வந்தது. எந்த மணி எங்கே கிடந்தது என்று பிரித்துக் குறித்தால்தான் அந்தத் தகவலால் பயன் உண்டு. எல்லாவற்றையும் 'பிளாஸ்டிக்' என்று ஒரே மூட்டையில் கட்டினால் யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாது.

பிரிப்பதற்குச் சமையலறைச் சல்லடை ஒன்றும் மடக்கும் வாளி ஒன்றும் போதும். வாளியில் கடல்நீர் ஊற்றி, மேல் மணலை ஒரு கை அள்ளிப் போட்டுக் கலக்கினால் மணல் அடியில் தங்கும், மணிகள் மிதக்கும். விதைகளும் மிதக்கும் என்பதால் நகத்தால் அழுத்திப் பார்த்துப் பிரியுங்கள். கையுறை கட்டாயம்; கடலில் உள்ள நச்சு இந்த மணிகளில் ஒட்டிக்கொள்ளும். முறையான கணக்கெடுப்புக்கு மரைன் கன்சர்வேஷன் சொசைட்டியின் முறையைப் பின்பற்றுங்கள்: கரையில் 100 மீட்டர் அளந்து, அதற்குள் கிடப்பதை ஒவ்வொன்றாக எண்ணி எழுத வேண்டும். ஒருவருக்கு அரை நாள் பிடிக்கும். எனவே வாரத்துக்கு ஒன்று போதும்.

எதைத் தொடக் கூடாது என்பதும் முக்கியம். ஊசி கிடந்தால் கெட்டியான டப்பாவில் இடுக்கியால் எடுத்துப் போடுங்கள், பையில் அல்ல. நீலப் பலூன் போல ஒதுங்கிக் கிடக்கும் போர்த்துகீசியப் போர்க்கப்பல் என்ற, சொறிமீன் போன்ற உயிரி செத்த பிறகும் கொட்டும். கொம்பு வைத்த கறுப்புத் தோல்பை கிடைத்தால் குப்பை என்று எறியாதீர்கள்; திருக்கை இனத்தின் காலி முட்டைக்கூடு. கொம்புக்குப் பதில் சுருள் நூல் இருந்தால் சிறு சுறா. படம் எடுத்து அளவோடு பிளிமத்தில் உள்ள ஷார்க் டிரஸ்டுக்கு அனுப்பலாம். மணலில் புதைந்த பெரிய வலையை ஒற்றையாளாக இழுக்காதீர்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும். இடத்தைக் குறித்து உள்ளூர் கடற்கரைக் குழுவுக்குச் சொல்லுங்கள். மழைக்கு மறுநாள் டார்செட் பாறைகளுக்கு அடியில் குப்பை எடுக்கவே வேண்டாம். காட்ரெவி முனையில் சீல்கள் படுத்திருக்கும் குடாவின் மேல் நின்று உரக்கப் பேசாதீர்கள். மிரண்டால் கூட்டமாகப் பாறை மேல் உருண்டு தண்ணீருக்குப் போகும், குட்டி நசுங்கும்.

முழு 630 மைலுக்கு விடுப்பு கிடைக்காதவர்கள் ஒரு துண்டு மட்டும் எடுக்க விரும்பினால், பாட்ஸ்டோவிலிருந்து செயின்ட் ஐவ்ஸ் வரை நடப்பதைப் பரிந்துரைக்கிறோம். ஒரு வாரத்தில் முடியும். செயின்ட் ஆக்னஸ் வழியில் வரும், மணற்கரைகள் நிறைய, பேருந்து வசதியும் பரவாயில்லை. ஹார்ட்லண்ட் துண்டு கடினம்தான், ஆனால் 1986-ல் பிரிட்டனின் முதல் கடல் இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட லண்டி தீவு அங்கிருந்து நேரெதிரே தெரியும்.

முழுதாக நடப்பவர்கள் கடைசி நாளில் ஒரு காரியத்துக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பாதை முடியும் முன் ஸ்டட்லண்ட் விரிகுடா வரும். அங்கே கரைக்கு அருகிலேயே கடற்புல் படுகை இருக்கிறது. கடற்குதிரைகள் வாழும் இடம், 2019-ல் பாதுகாப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்டது. வற்றமும் அமைதியான வெயிலும் சேர்ந்தால், பாதையின் மேட்டிலிருந்தே தண்ணீருக்கடியில் கரும்பச்சைத் திட்டாகத் தெரியும். அந்தத் திட்டில் மொட்டை வட்டங்களும் தெரியும். படகு கட்டும் பழைய வகைச் சங்கிலி அலைக்கேற்பச் சுழன்று புல்லை வேரோடு அரைத்த இடங்கள் அவை. சங்கிலிக்குப் பதிலாக, தரையில் படாமல் மிதக்கும் மீள்கயிறு வைத்த கட்டுகள் இப்போது அங்கே போடப்பட்டிருக்கின்றன. மொட்டை வட்டத்தையும் புதுக் கட்டையும் ஒரே படத்தில் எடுத்து, நடை முடிந்த அன்றே நன்கொடைப் பக்கத்தில் போடுங்கள். பக்கத்தை இன்னும் ஒரு மாதம் மூடாதீர்கள்; 'முடிக்கட்டும், பிறகு தருகிறேன்' என்று காத்திருந்தவர்கள் அப்போதுதான் தருவார்கள். திரும்பிப் போக, சவுத் ஹேவன் முனையிலேயே சங்கிலிப் படகு இருக்கிறது; 50-ஆம் எண் பேருந்து அதிலேயே ஏறிக் கடந்து போர்ன்மத் ரயில் நிலையம் வரை போகும்.